கயிறு சாத்தச் சொல்லி எழுதியிருக்கிறாய்

அன்புள்ள பாலு,

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் கொடுத்தபோது நான் கொல்லையில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தேன். நின்றபடியே படித்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அப்புறம் அந்த உளுந்தை யார் அள்ளி உள்ளே வைத்தார்கள் என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. உமாவின் இடது கண்ணுக்குள் கட்டி, கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும், நாள் கடத்தினால் மூளைக்கு ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இன்னும் மூன்று வயது முடியவில்லை என் பேத்திக்கு. பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய போட்டோவில் அந்த ஒரு கண் மட்டும் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னியதை நான் பார்த்தேனே. பார்த்துவிட்டு, "போட்டோக்காரன் கெடுத்துப்புட்டான்" என்று எதிர்வீட்டில் காட்டிச் சிரித்தேனே. இன்று காலை அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இது ஒரு இடி. இதைவிடப் பெரிய இடி உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது. "வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை. சாந்தி சாப்பிடாமல் கிடக்கிறாள். கண் மங்கிவிட்டதென்று நீ நிறுத்திவிட்டாய், தெரியும். எங்களுக்காக ஒரே ஒரு தடவை கயிறு சாத்திப் பார்த்துச் சொல்லும்மா. அன்றைக்கு அப்பாவுக்கு வந்த வாக்கினால்தானே அவர் நிம்மதியாகப் போனார்." இதைப் படித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அப்பா நிம்மதியாகப் போனார் என்றா இத்தனை வருஷமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்? வேறு எப்படி நினைப்பாய், நான்தானே அப்படி நினைக்க வைத்தேன்.

இன்று காலை முதல் பஸ்ஸில் காரைக்கால் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்தேன். "கையெழுத்துப் போடு. கடிதம் வருகிறது. அம்மா." இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். நான் கயிறு சாத்தி நல்ல வாக்கு வந்துவிட்டது என்று நீயும் நினைத்திருப்பாய். அந்த நினைப்போடு நீ பேனாவை எடுக்கக்கூடாது என்றுதான் இதை எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வரும், பழக்கம் அப்படி. காகிதத்திடம் அந்தக் கூச்சம் இல்லை. சாந்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அவளிடம் மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

சாந்தி ஊர்ப்பக்கம் இந்த வழக்கம் கிடையாது என்பதால் அவளுக்காகச் சொல்கிறேன். நம் வீட்டில் ஒரு பெரிய பதிகப் புத்தகம் இருக்கிறது. சிவன்மேல் பாடியதெல்லாம் சேர்ந்த கனமான புத்தகம், என் கல்யாணத்துக்கு என் தகப்பனார் கொடுத்த சீர். ஏதாவது ஒன்றை முடிவு செய்ய முடியாமல் தவிக்கிறவர்கள் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றி, மூடியிருக்கிற அந்தப் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு இழுப்பார்கள். கயிறு எந்தத் தாள்களுக்கு நடுவில் போய் நிற்கிறதோ அந்த இடத்தைப் பிரித்து, அங்கே என்ன பாட்டு இருக்கிறதோ அதுதான் சாமி கொடுத்த பதில். ஓலைச்சுவடி காலத்திலிருந்து வருகிற வழக்கம். நம் ஊர் நெரவியில் அதைச் சாத்துகிற கை என் கை. பெண் கொடுக்கலாமா, நிலத்தை விற்கலாமா, பிள்ளையைத் துபாய்க்கு அனுப்பலாமா என்று நெடுங்காட்டிலிருந்துகூட வந்தார்கள். "நீங்க சாத்துனா நல்ல வாக்குதாங்க வருது" என்பார்கள். எனக்குத் தலை கால் புரியாது. காசு வாங்கியதில்லை, அதனால் கர்வம் இல்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். காசு வாங்கியிருந்தால் கர்வம் கொஞ்சம் குறைந்திருக்குமோ என்னவோ.

எமர்ஜென்சி வருஷம், நீ பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா நடவு வயலில் நத்தை ஓட்டை மிதித்துவிட்டார். சர்க்கரை உடம்பு. கீறல் புண்ணாகி, புண் கறுத்து, விரலிலிருந்து மேலே ஏற ஆரம்பித்தது. காரைக்காலில் பார்த்த டாக்டர் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், நாளை மறுநாளே பாண்டிக்குக் கூட்டிப்போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் நீ காலேஜிலிருந்து வருவதற்கு முன்னால் உன் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "காலு போனா போவுது புள்ள. கட்டைய ஊனிக்கிட்டு வரப்புல நின்னு ஆளு வச்சுப் பாத்துக்க மாட்டனா? பாலு படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் இருந்தாப் போதும். நாளைக்கே கெளம்பலாம்." அவர் தயாராக இருந்தார், பாலு. காலைக் கொடுத்துவிட்டு உயிரை வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். முடியாது என்று நின்றவள் நான்.

ஏன் என்று கேட்பாய். பதினோரு வருஷமாக நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காலில்லாத புருஷனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நினைத்தேனா, மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்க மாட்டார் என்று பயந்தேனா, எல்லாம்தான். "கயிறு சாத்திப் பாத்துடுவோங்க, சாமி என்ன சொல்லுதோ அப்படிச் செய்யலாம்" என்றேன். "நீ சொன்னாச் சரி" என்றார். மறுநாள் காலை கூடத்தில் விளக்கேற்றி, நீயும் அவரும் பார்க்க நான் கயிற்றை விட்டு இழுத்தேன். நீ பார்த்தது அந்த ஒரு தடவையைத்தான். அதற்கு முன்னால் அவர் கண்ணயர்ந்திருந்தபோது, நீ பல் விளக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தபோது, நான் தனியாக இரண்டு தடவை சாத்திப் பார்த்துவிட்டேன். முதல் தடவை விழுந்தது இந்த உடம்பு நிற்காது, இதை நம்பாதே என்கிற பாட்டு. எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கு ஏற்றாமல் செய்தது செல்லாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை கயிறு கடைசியில் இருக்கும் பிழைதிருத்தப் பட்டியலில் போய் நின்றது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. சாமி நேராகவே சொல்லிப் பார்த்திருக்கிறார், எனக்குத்தான் காது கேட்கவில்லை. மூன்றாவது தடவைதான் உங்கள் முன்னால் அந்தப் பதிகம் வந்தது. பயப்படாதே, நான் இருக்கிறேன், உன் வினையெல்லாம் விலகும் என்று வரிக்கு வரி தைரியம் சொல்கிற பதிகம். நான் உரக்கப் படித்தேன். படிக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. உன் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "சரி, ஆபரேசன் வாணாம்" என்றேன். பாண்டிக்குப் போகவில்லை.

மூன்றாவது வாரம் போய்விட்டார். நீ அவர் நிம்மதியாகப் போனார் என்று எழுதியிருக்கிறாய். கடைசி நாலு நாள் உன்னை நான் மாமா வீட்டில் இருக்கச் சொன்னது ஏன் தெரியுமா? அவர் கத்தியதை நீ கேட்கக்கூடாது என்றுதான். ஒரு மதியம் நினைவு தெளிந்திருந்தபோது என்னைப் பார்த்து, "பாண்டிக்கே போயிருக்கலாமோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சும்மா கேட்டார். நான் திருநீறு பூசிவிட்டேன். துக்கத்துக்கு வந்தவர்களிடம் நானே முந்திக்கொண்டு, "வாக்கு வந்துச்சு, வினையெல்லாம் தீந்து போயிட்டாரு" என்றேன். ஊரும் அதையே திருப்பிச் சொன்னது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பதினோரு வருஷம் ஓடி மெட்ராஸ்வரைக்கும் வந்து உன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கண் மங்கிப்போனதால் கயிறு சாத்துவதை நிறுத்தினேன் என்றதும் பொய். எனக்கு ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் கண்ணாடி வேண்டாம். அப்பாவின் முதல் வருஷத் தவசம் முடிந்த பிறகு அந்தப் புத்தகத்தின் அட்டை கையோடு வந்துவிட்டது. பைண்டு போடுவதற்குக் காரைக்காலில் ஒரு பாயிடம் எடுத்துப்போனேன். அவர் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை முதுகு கீழே இருக்கும்படி மேசைமேல் நிறுத்தி இரண்டு கையையும் எடுத்தார். அது தானாகப் பிரிந்து விழுந்தது. எட்டிப் பார்த்தேன், அந்தப் பதிகம். உன் அப்பாவுக்கு வந்த அதே பக்கம். சாமி மறுபடி பேசுகிறது என்றே நினைத்தேன், அவ்வளவு முட்டாள் நான். பாய் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இந்த எடத்துல முதுகு ஒடஞ்சிருக்கும்மா. எத்தன தடவ வுட்டாலும் இங்கதான் வுழும். தெனம் இந்தப் பக்கத்தையே விரிச்சு வச்சுப் படிப்பீங்க போல" என்றார். மறுபடி மூடி நிறுத்தி விட்டுக் காட்டினார். அங்கேயேதான் விழுந்தது. இன்னொரு தடவை காட்டப் போனார். "வேணாம் பாய்" என்றேன்.

கல்யாணமான நாள் முதல் தினம் காலையில் நான் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். பிடித்த பக்கம், ஆறுதலான பக்கம். விரித்து விரித்துத் தையல் அறுந்து அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. கயிறு விட்டால் அது நேராக அந்தப் பள்ளத்தில் போய்த்தான் நிற்கும், என்றைக்காவது ஒன்றிரண்டு தப்பும். நான் சாத்தினால் நல்ல வாக்கு வருகிறது என்று ஊர் சொன்னதன் ரகசியம் இவ்வளவுதான். யார் யாருக்கெல்லாம் அந்த ஒரே பக்கத்தைப் படித்து அனுப்பினேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது. சாமி பேசியதாக நினைத்த இடத்திலெல்லாம் என் ஆசைதான் என் குரலில் எனக்குத் திரும்பக் கேட்டிருக்கிறது. நான் பாயிடம் எதுவும் சொல்லாமல் பஸ் ஏறினேன். புத்தகத்தை வாங்க ஆறு மாதம் போகவே இல்லை. "மறந்துட்டீங்களாம்மா" என்று கடைசியில் அவரே சொல்லியனுப்பினார்.

தையலெல்லாம் புதிதாகப் போட்டு விறைப்பாக வந்தது புத்தகம். எந்தப் பக்கத்திலும் தானாக விழவில்லை. எங்கே திறப்பது என்று தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எதையும் கேட்காமல், நாளைக்கு ஒரு பதிகம் என்று. பாதி எனக்குப் புரியவில்லை. கோபமாகக்கூட வந்தது. எனக்குத் தேவையானது எதுவும் அதில் இல்லை, யாரோ எங்கோ நின்று அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், என்னை ஏன் இப்படிச் செய்தாய் என்று அந்தச் சிவனையே திட்டுகிறார்கள். இரண்டாவது வருஷம் நம் பதிகம் வந்தது. அந்த இரண்டு பக்கமும் எனக்கு மனப்பாடம். கடைசி வரிக்கு வந்ததும் பழக்கத்தில் மூடப்போனேன். வரிசையாகப் படிக்கிறோமே என்று தாளைப் புரட்டினேன். பதிகம் அங்கே முடியவில்லை, பாலு. மறுபக்கம் இன்னும் மூன்று பாட்டு இருந்தது. அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் அந்தத் தாளைப் புரட்டியதில்லை. அந்த மூன்று பாட்டிலும் பாடியவர் வலியோடுதான் இருக்கிறார். அவருக்கு எதுவும் தீரவில்லை. நோயைத் தீர்த்தாலும் சரி, தீர்க்காவிட்டாலும் சரி, நான் உன் ஆள், நீ என்னை விடமாட்டாய், அதனால் எனக்குப் பயமில்லை என்கிறார். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பயப்படாதே என்று அவன் சொன்னது, கத்தி படாது என்பதற்காக இல்லை. கத்தி பட்டாலும் நான் கூட இருப்பேன் என்பதற்காக. அந்தப் பக்கத்தை அன்றைக்கு முழுசாகப் படித்திருந்தால், உன் அப்பாவைத் தைரியமாகப் பாண்டிக்குக் கூட்டிப்போ என்றுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்திருக்கும். அவர் உயிரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய பாட்டை வைத்தே அவரைத் தடுத்தேன்.

எனக்குத் தெரிந்த வேதாந்தம் இவ்வளவுதான். நம் கேள்வியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் நம் கேள்வி மட்டும்தான் கண்ணில் படும். அவன் என்ன சொல்ல வந்தான், யாரிடம் சொன்னான், அடுத்த பக்கத்தில் என்ன சொல்கிறான் என்று பொறுமையாகக் கேட்டால்தான் அது அவன் வார்த்தை. புரியாத இடத்தில் இவனுக்கு ஏதோ தெரியும், எனக்கு இன்னும் தெரியவில்லை என்று நிற்கவேண்டும். அது எனக்கு இன்றைக்கும் சுலபமாக வரவில்லை. உமாவுக்கு ஏன் இப்படி என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நேற்று அவனை வாயில் வந்தபடி பேசினேன். பேசினால் கேட்டுக்கொள்வான், அந்தப் புத்தகத்திலேயே அவனைத் திட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தவள், கொஞ்ச நேரத்தில் என் கையைப் பார்த்தேன். முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வைத்திருந்தேன். புத்தகம் மடியில் இருந்தது. எப்போது எழுந்து போய் எடுத்தேன் என்று நினைவில்லை. இத்தனையும் நடந்த பிறகும் என் கை அதைத்தான் தேடிப் போயிருக்கிறது. பதறிப்போய் நூலைத் தூக்கி எறிந்தேன். அப்புறம் இன்னொரு யோசனை வந்தது, இது அதைவிட மோசம். கயிறு சாத்தவே வேண்டாம், நல்ல வாக்கு வந்தது, தைரியமாகக் கையெழுத்துப் போடு என்று இரண்டு வரி எழுதினால் போதுமே, பிள்ளையும் பிழைப்பாள், நீயும் என்னைக் கும்பிடுவாய், அப்பா விஷயமும் வெளியே வராது. மதியம் முழுக்க அந்த யோசனையோடு மல்லுக்கட்டினேன். நல்ல காரியத்துக்குத்தானே என்று மனசு நச்சரித்தது. அன்றைக்கும் நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன். அவன் சொல்லாததை அவன் சொன்னதாக இன்னொரு தடவை என் வாயால் சொல்லமாட்டேன். நாளைக்கு உமா கண்ணாடி முன்னால் நின்று ஏன் என்று கேட்கும்போது, பாட்டிக்குக் கயிற்றில் வந்தது என்று நீ பதில் சொல்லக்கூடாது. உன்னை உயிரோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டோம், அதனால் அப்பா கையெழுத்துப் போட்டேன் என்று சொல்.

டாக்டர் படித்தவர், குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர். நாள் கடத்தாதே என்கிறார். அதைக் கேட்பதற்குச் சாமியிடம் தனியாக ஒரு சீட்டு வாங்கவேண்டியதில்லை. சாந்தி, நீ முதலில் ஒரு வாய் சாப்பிடு அம்மா. பிள்ளை கண் விழிக்கும்போது அவளைத் தூக்க உன் கையில் தெம்பு வேண்டும்.

பாலு, இந்த இடத்துக்கு வரும்போது உனக்கு என்மேல் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா பிழைக்க விரும்பினார், நான் விடவில்லை. அதை உன்னிடம் பதினோரு வருஷம் மறைத்தேன். கோபப்படு, உனக்கு அந்த உரிமை உண்டு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. நான் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து உன் வாசலில் நிற்பேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம், திறக்காவிட்டால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளை இருக்கிற வார்டுக்கு வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் அதெல்லாம் சனிக்கிழமைக்கு. இது உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமையாக இருக்கும். எழுந்து போய் முதலில் கையெழுத்தைப் போடு. கோபம் அப்புறம்.

அம்மா